விதை தாங்கும் வெயிலை நாற்று ஏன் தாங்காது? காஞ்சிபுரம் சொர்ணவாரி சொல்லும் பாடம்

காஞ்சிபுரம் டவுனை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். 'ஜின காஞ்சி' என்று பெயர் பெற்ற இந்த ஊரின் சமணக் கோயிலில் பழமையான குரா மரம் ஒன்று உண்டு. எத்தனையோ கோடையைப் பார்த்த மரம். ஆனால் சுற்றுவட்டார வயல்களில் 10 நாள் வயதுள்ள நெல் நாற்றுக்கு ஒரே வார வெயில் போதும், கதை முடிந்துவிடும். ஏன் இந்த வித்தியாசம்?

சொர்ணவாரி என்றால் என்ன?

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் பகுதிகளில் ஏப்ரல், மே மாதங்களில் விதைக்கும் நெல் பருவம்தான் சொர்ணவாரி. டெல்டாவின் குறுவை மாதிரி, ஆனால் இன்னும் முன்னதாகவே தொடங்கிடும். அதாவது நாற்றங்கால் காலமும் அக்னி நட்சத்திரமும் ஒன்றாக வருது.

எத்தனை டிகிரி வரை தாங்கும்?

நெல் விதை முளைக்க 20 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை நல்லது. 45 டிகிரியை ஒட்டியும் ஓரளவு முளைக்கும். ஆனால் முளைத்து வெளியே வந்த நாற்றுக்கு 25 முதல் 30 டிகிரிதான் வசதி. 35-ஐத் தாண்டினால் வளர்ச்சி பாதிக்கும். மே மாத காஞ்சிபுரத்தில் 40 டிகிரியைத் தொடுவது புதுசில்லை.

செடிக்குள்ள என்ன நடக்குது?

நமக்கு வியர்ப்பது போல, செடி இலைத்துளை வழியாக நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்விக்கிறது. பெரிய மரத்தின் வேர் ஆழத்தில் ஈரத்தைத் தேடிப்போகும். நாற்றின் வேரோ மேல்மண்ணில் சில சென்டிமீட்டர்தான். வெயிலில் முதலில் சுடுவதும் காய்வதும் அந்த மேல்மண்தான். நீர் கிடைக்காதபோது செடி இலைத்துளையை மூடிக்கொள்ளும். நீர் மிச்சமாகும், ஆனால் குளிர்ச்சி நின்றுவிடும், கார்பன் டை ஆக்சைடும் உள்ளே வராது. இலை சூடேறும், உணவுத் தயாரிப்பு குறையும், நுனி கருகும்.

இரவும் சூடாக இருந்தால் இன்னொரு சிக்கல். பகலில் சேர்த்த சர்க்கரையைச் செடி இரவு சுவாசத்திலேயே அதிகமாகச் செலவழித்துவிடும். வளர்ந்த பயிரிலும் இது எதிரொலிக்கிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல் தரவுகளை வைத்து 2004-ல் வெளியான ஆய்வு, கோடைப் பருவத்தில் இரவு வெப்பநிலை 1 டிகிரி கூடினால் மகசூல் 10 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது.

குளிரும் பிரச்சினையா?

ஆமா. 12 டிகிரிக்குக் கீழே போனால் நாற்று மஞ்சளாகும், வளர்ச்சி நின்றுவிடும். காஞ்சிபுரத்தில் அந்த அளவுக்குக் குளிராது. ஆனாலும் மார்கழி, தையில் நவரைப் பருவ நாற்று கொஞ்சம் மெதுவாகத்தான் வளரும். இங்கே உண்மையான எதிரி வெயில்தான்.

காப்பீடு கைகொடுக்குமா?

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறிவிக்கப்பட்ட பயிருக்கு மோசமான வானிலையால் விதைப்போ நடவோ முளைப்போ நடக்காமல் போனால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் தரும் விதி உண்டு. ஆனால் அந்தக் காப்பீட்டு அலகின் பரப்பில் 75 சதவீதத்துக்கு மேல் அப்படிப் பாதித்திருக்க வேண்டும். உங்கள் அப்பாவின் நாற்றங்கால் மட்டும் கருகினால், இந்த விதியில் வராது. ஒரு ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால்தான். அது போனால் விதை, கூலி, நாட்கள் எல்லாமே அவர் கணக்கில்தான் ஏறும்.

என்ன செய்யலாம்?

* நாற்றங்காலில் சூடேறிய நீரை வடித்துவிட்டு, மாலையில் புது நீர் கட்டலாம்.
* பாய் நாற்றங்கால் என்றால், முதல் சில நாட்கள் வைக்கோல் அல்லது தென்னங்கீற்றால் மூடி, பூவாளியில் தண்ணீர் தெளிக்கலாம்.
* மாடித்தோட்டக் கன்றுகளுக்கு நிழல்வலையும், மண்மேல் காய்ந்த இலை மூடாக்கும் போதும். தண்ணீர் காலையிலோ மாலையிலோ ஊற்றுங்கள்.

2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்க இலக்கு வைத்திருக்கிறது. அதற்கும் இதே விதிதான். எத்தனை கன்று நட்டோம் என்பதைவிட, முதல் கோடையை எத்தனை தாண்டின என்பதே கணக்கு. மரம் நட நினைத்தால் மே மாதத்தை விட்டுவிட்டு, மழைக்கு முன்னால் நடுங்கள்.