கிளினிக்குக்கு வராத பிள்ளை யாருடைய கணக்கில்?

தடுப்பூசி விடயத்தில் இலங்கை பெருமைப்படக் காரணம் உண்டு. 1993க்குப் பிறகு இங்கே போலியோ நோயாளி எவரும் பதிவாகவில்லை. 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. ஆனால் 2023இல் அதே சின்னமுத்து திரும்பி வந்தது. முதல் ஊசி போடும் வயதான ஒன்பது மாதத்தைக்கூட எட்டாத கைக்குழந்தைகளும் அதில் அகப்பட்டார்கள்.

நாடளாவிய சதவீதங்களை வைத்து இதை விளங்கிக்கொள்ள முடியாது. சின்னமுத்து பரவாமலிருக்க நூற்றுக்கு 95 பேராவது இரண்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். மாவட்டச் சராசரி அதைத் தாண்டியிருக்கலாம். விடுபட்டவர்கள் எல்லோரும் ஒரே லயத்திலோ ஒரே மீன்பிடி வாடியிலோ இருந்தால் அந்தச் சராசரி அங்கே யாரையும் காப்பாற்றாது.

அந்தப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அறிந்தவர், ஊர்ச்சனம் இன்னும் ‘மிட்வைப் மிஸ்’ என்றழைக்கும் குடும்ப நல உத்தியோகத்தர்தான். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் கடைசிக் கண்ணி அவர். தாய் கர்ப்பம் தரித்ததிலிருந்து அந்த வீடு அவரது பதிவேட்டில் இருக்கும். கிளினிக் நாளில் வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்கே போவார். பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள் திரும்பினாளா, எந்தப் பிரிவில் ஊசி போட்டாள் என்று விசாரிப்பதும் அவரே. இரண்டு பிரிவுகளுக்கு இடையில் பிள்ளைகள் தவறிப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஊசி தவறினால் உடனே ‘விழிப்புணர்வு போதாது’ என்று ஒரு கருத்தரங்கு வைப்பது நமது பழக்கம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கொழுந்து பறிக்கும் தாய்க்கு ஊசியின் அருமை தெரியும். கிளினிக் வேலைநாள் காலையில் நடந்தால் அவளுக்கு அன்று அரைப்பேர்தான் விழும், அல்லது அதுவும் இல்லை. பிள்ளை காய்ச்சலோடு இருந்தால் இன்னொரு நாளும் போகும். நேரத்தை மாற்றுவதற்கும், கிளினிக் நாளில் சம்பளம் வெட்டாதிருக்கத் தோட்ட நிர்வாகத்தோடு பேசுவதற்கும் சுவரொட்டி அடிப்பதைவிடச் செலவு குறைவு.

முடியாத காரியமுமல்ல. யுத்த காலத்தில் போலியோ சொட்டு மருந்துக்காகத் துப்பாக்கிகளையே நிறுத்தி வைத்தோம். சண்டை நடந்த பகுதிகளுக்கும் மருந்து போனது. ஊர்களை அறிந்த களப் பணியாளர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது.

இன்றைய சிக்கல் ஆளணி. ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒரு உத்தியோகத்தர் என்பது ஏட்டுக் கணக்கு. பக்கத்துப் பிரிவு வெற்றிடமானால் அதையும் அவரே பார்க்கிறார். அப்போது முதலில் கைவிடப்படுவது வீட்டுத் தரிசிப்பு. மலையகத்தில் தமிழ் பேசத் தெரிந்தவரை நியமிக்காமல் விட்டால், வந்தவரும் பெயரளவில்தான் இருப்பார். எந்தச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் எத்தனை வெற்றிடம், அங்கே எத்தனை பிள்ளைகளுக்கு ஊசி பிந்தியது என்ற இரண்டு எண்களையும் மாகாண சுகாதாரத் திணைக்களங்கள் மூன்று மாதத்துக்கொரு முறை பக்கத்துப் பக்கத்தில் வெளியிடட்டும். நியமனத்துக்காகக் கொழும்பில் வாதாட நமது உறுப்பினர்களுக்கு அதுவே போதும்.