அஸ்திவாரம் தோண்டுமுன் ஒரு விண்ணப்பம்



ஊருக்குப் புதிய அரசுப் பள்ளிக்கூடம் வருகிறதென்றால் அதைவிட மகிழ்ச்சியான சமாச்சாரம் வேறில்லை என்பதே, ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் பொறியாளர்களும் பெற்றோர்களும் அடங்கிய எங்கள் குழுவின் அபிப்பிராயம். ஆயினும் அதற்கென ஒதுக்கப்படும் இடம், பல சமயங்களில், தூர்ந்துபோன குட்டையாகவோ குப்பை கொட்டி மேடாக்கிய புறம்போக்காகவோ இருப்பதைக் காணும்போது, சந்தோஷத்துடன் சற்றுக் கவலையும் சேர்ந்துகொள்கிறது.

அமெரிக்காவில், நயாகரா நீர்வீழ்ச்சியின் பெயரையே தாங்கிய நகரத்தில், பாதியில் கைவிடப்பட்ட லவ் கால்வாயை 1942 முதல் ஏறக்குறைய பத்தாண்டுகள் தன் கழிவுகளால் நிரப்பிய ஒரு ரசாயனக் கம்பெனி, அதை மண்ணிட்டு மூடி, 1953-ல் நகரக் கல்விச் சபைக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தது. உள்ளே புதைந்திருப்பது இன்னதென்றும், அதனால் விளையும் தீங்குக்குத் தான் பொறுப்பல்ல என்றும் பத்திரத்திலேயே குறிப்பிட்டும் வைத்தது. சபையார் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர். அங்கே பள்ளிக் கட்டட வேலை தொடங்கியபின் பீப்பாய்கள் புதைந்த குழிகள் தட்டுப்பட்டபோது, கட்டடத்தைச் சற்றுத் தள்ளிக் கட்டுவதே போதுமான பரிகாரமென்று அவர்கள் கருதினார்கள்! 1978 ஆகஸ்டில் மாநிலச் சுகாதார ஆணையர் அந்தப் பள்ளியை மூடச் சொல்லி, கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் அவ்விடத்தை விட்டு அகலுமாறு அறிவிக்க வேண்டியதாயிற்று.

அயல்நாட்டு விவகாரம் நமக்கெதற்கு என்பாருண்டு. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் கழிவு, ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்த கதை நம்முடையதே.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஓலைக்கூரைப் பள்ளியொன்றில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்த பிறகு, பாதுகாப்பான கட்டடமும் கல்வியுரிமையின் ஓர் அங்கமே என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூரையைப் பற்றி விழிப்படைந்த நாம் தரையைப் பற்றி இன்னும் கேட்கத் தொடங்கவில்லை. பொதுப்பணித் துறையில் மண் பரிசோதனை என்றால், அந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதே கேள்வி. அதில் ஈயமோ குரோமியமோ கலந்திருக்கிறதா என்பது அறிக்கையின் எந்தக் கட்டத்திலும் இடம்பெறுவதில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் அட்டவணை குடிநீர், கழிப்பறை, விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் எல்லாவற்றையும் கூறி, மனையைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. பெரிய கட்டடங்களுக்கான சுற்றுச்சூழல் முன் அனுமதியிலிருந்து கல்விக்கூடங்களுக்குத் தந்த விலக்கை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது நல்லதே. ஆனால் அவ்விதி 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு உரியது. நம் ஒன்றியப் பள்ளிகள் அவ்வளவு பெரிதாக எழுவதில்லை. தரையில் உட்கார்ந்து, மண்ணில் புரண்டு, அதே கையை வாயில் வைக்கும் வயதினர் பயில்வதோ அங்கேதான்.

ஆகவே, உங்கள் ஊரில் பள்ளிக்கென இடம் குறிக்கப்பட்டால், கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள அ-பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறதென்று பாருங்கள். அங்கே முன்பு சாயப்பட்டறையோ தோல் பதனிடும் தொட்டியோ குப்பைக் கிடங்கோ இருந்ததா என்று முதியவர்களை விசாரியுங்கள். மண்ணும் ஆழ்துளைக் கிணற்று நீரும் ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டு, முடிவு பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வாசிக்கப்படும் வரையில் அஸ்திவாரம் தோண்டலாகாதென்று வரும் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.