நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி: வாங்குமுன் ஒரு யோசனை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீரங்கம் தீவிலும், காவிரியின் தென்கரையில் ஜீயபுரம், திருப்பராய்த்துறை வரை நீளும் வாழைத் தோட்டங்களிலும் மாட்டு வண்டி மறைந்து வருவது யாவரும் அறிந்ததே. மாடு போயிற்றே தவிர, அது செய்துவந்த வேலை போய்விடவில்லை. உர மூட்டைகளைத் தோட்டத்துக்குள் சேர்க்க வேண்டும். ஆடிக் காற்றுக்கு முன் சவுக்குக் கழிகளைக் கொண்டுபோய் மரங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். தாரை வெட்டினால் அன்றைக்கே லாரி நிற்கும் ரஸ்தாவுக்குக் கொண்டுவர வேண்டும். இவ்வேலைகளுக்கென இப்போது இரண்டு வகை யந்திரங்கள் குடியானவர் முன் வைக்கப்படுகின்றன. ஒன்று, மோட்டார் சைக்கிளில் அமர்வதுபோல் இருபுறமும் கால் போட்டு அமர்ந்து, கைப்பிடியால் திருப்பி ஓட்டும் நாற்சக்கர வண்டி. இதை மேனாடுகளில் குவாட் என்பர். மற்றொன்று, 20 முதல் 25 குதிரைச் சக்தி உடையதும், முன் சக்கரங்களும் சேர்ந்து இழுப்பதுமான சிறு டிராக்டர்.

எம் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நமது ஜில்லாவின் நஞ்சைத் தோட்டக்காரருக்குச் சிறு டிராக்டரே தகும். குவாட் வண்டி சிலருக்கு மட்டுமே பயன்படும். இவ்விரண்டில் எதற்கும் பணம் எண்ணுமுன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அது தோட்டத்துக்குப் போகும் பாதை.

குவாட் வண்டியின் பூர்வோத்தரம் நீண்டதன்று. 1970-ல் ஜப்பானின் ஹோண்டா கம்பெனியார் மூன்று சக்கர வண்டியொன்றை அமெரிக்காவில் விற்கத் தொடங்கினர். அது எளிதில் கவிழ்ந்து பலரைக் காயப்படுத்தியதால், 1988-ல் அந்நாட்டுச் சர்க்காரோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்குள் நாலு சக்கர வண்டிகள் வந்துவிட்டன. பிறகு நாலு சக்கரங்களும் இழுக்கும் வகையும் வந்தது. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து தேசங்களில் ஆட்டுப் பண்ணை வைத்திருப்போர் நூற்றுக்கணக்கான ஏக்கர் புல்வெளியைச் சுற்றி வர இதைக் கையாளலாயினர். வேலி பார்க்கவும், மந்தையை ஓட்டவும், களைக்கொல்லி தெளிக்கவும் அங்கே அது மிகவும் சௌகரியமான வண்டியே. ஓட்டுபவன் தனி ஆள், நிலம் புல்வெளி, சுமை கொஞ்சம்.

நம் தோட்டமோ வேறு. நஞ்சையில் பூவன், ரஸ்தாளி முதலியவற்றை 2.1 மீட்டருக்கு, அதாவது சுமார் ஏழு அடிக்கு ஒன்றாக நடுகிறோம். ஏழடிக்கு ஏழடி என்றால் ஏக்கருக்கு 889 மரம். தார் ஒன்றுக்குச் சராசரி 15 கிலோ என்று வைத்தாலும், ஏக்கருக்கு 13 டன்னுக்கு மேல் வெளியே வர வேண்டும். குவாட் வண்டியின் பின்தட்டு சாதாரணமாக 80 கிலோ அளவே தாங்கும். அதாவது ஐந்து தார். அவ்விதமே ஏற்றினால் ஓர் ஏக்கருக்கு 178 நடை போக வேண்டும். பின்னால் சிறு தொட்டி பூட்டி 400 கிலோ ஏற்றினாலும் 33 நடைக்குக் குறையாது. சிறு டிராக்டரில் ஒரு டன் தொட்டியைப் பூட்டினால் 13, 14 நடையில் வேலை முடிகிறது. தட்டில் அடுக்கிய தார் குலுங்கி நசுங்குவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கீழே வாழைச் சருகு போட்டு அடுக்க இடமிருப்பது தொட்டியில்தான்.

மேலும் நஞ்சை வாழையில் வடிகாலுக்காக வரிசைகளுக்கிடையே வாய் வெட்டியிருப்போம். அதற்குள் எந்த வண்டியும் போகாது. தாரைத் தலைச்சுமையாகவே கரைக்குக் கொணர வேண்டும். ஆகவே வண்டிக்குள்ள வேலை கரையிலிருந்து ரஸ்தா வரைதான். "தோட்டத்துக்குள்ளே எங்கும் போகும்" என்று விற்பனைக்காரர் சொல்வது தென்னந்தோப்புக்குப் பொருந்தும். அங்கே மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளி உண்டு.

ஒரே வண்டியில் உழவும், ஓடவும், சுமக்கவும் வேண்டும் என்ற ஆசை புதிதன்று. இரண்டாம் உலக யுத்தத்தில் பெயர் பெற்ற ஜீப்பை, யுத்தம் முடிந்த 1945-லேயே வில்லிஸ் கம்பெனியார் அமெரிக்கக் குடியானவருக்கு விற்க முயன்றனர். கலப்பை இழுக்கும், யந்திரம் சுழற்றும், சந்தைக்கும் போகும் என்று விளம்பரம் செய்தனர். 1948-ல் இங்கிலாந்தில் லாண்ட் ரோவர் வந்ததும் பண்ணையை எண்ணித்தான். இரண்டும் நல்ல வண்டிகளே. ஆனால் உழவு வேலை டிராக்டரிடமே நின்றுவிட்டது. நம் தேசத்தில் 1947-ல் மஹிந்திரா கம்பெனியார் ஜீப்பை இணைத்துப் பூட்டத் தொடங்கினர். அது ஊர் ஊராய் அதிகாரிகளை ஏற்றிச் சென்றதை நாம் கண்டோமேயன்றி, வயலில் இறங்கி உழுததைக் கண்டோமில்லை.

குவாட் வண்டியில் பின்னால் யந்திரங்களைச் சுழற்றும் தண்டு சாதாரணமாகக் கிடையாது. கலப்பையைத் தூக்கி இறக்கும் மூன்று கொளுவியும் கிடையாது. சிறு டிராக்டரில் இரண்டும் உண்டு. ஆகவே அதே யந்திரத்தில் சுழற்கலப்பை, மருந்து தெளிப்பான், நீரிறைக்கும் பம்பு ஆகியவற்றை ஓட்டலாம். விலையோ, நாலு சக்கரமும் இழுக்கும் நல்ல குவாட் வண்டிக்குச் சிறு டிராக்டருக்குக் குறையாத கிரயம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அது குடிப்பது பெட்ரோல். டிராக்டர் குடிப்பது டீசல்.

பின் யாருக்குத்தான் குவாட்? பச்சைமலையில் மரவள்ளி பயிரிட்டு, ஒற்றையடித் தடத்தில் ஏறி இறங்குவோர் சிலருக்கும், பல இடங்களில் சிதறிக் கிடக்கும் பெரிய தோப்புகளை நாள்தோறும் சுற்றி மேற்பார்க்க வேண்டியவருக்கும் அது உதவக்கூடும். ஆனால் அங்கேதான் அபாயமும் அதிகம். சரிவில் குறுக்காகப் போகும்போது ஓட்டுபவன் தன் உடலை மேட்டுப்பக்கம் சாய்த்துச் சமன் செய்ய வேண்டும். ஒரு கணம் தவறினால் 300 கிலோ கொண்ட வண்டி அவன் மேலேயே விழும். ஆஸ்திரேலியாவில் பண்ணைக்காரர் பலர் இவ்விதம் மாண்டதன் பேரில், 2021 அக்டோபர் 11 முதல் அங்கே விற்கப்படும் ஒவ்வொரு பண்ணைக் குவாட் வண்டியிலும், கவிழ்ந்தால் ஓட்டுபவனை நசுக்காமல் தாங்கும் வளைவைப் பொருத்தியிருக்க வேண்டுமென்று சட்டம் செய்தனர். ஆகையால் நம்மவர் வாங்கினாலும் அவ்வளைவைக் கேட்டுப் பொருத்திக்கொள்ளுக. தலைக்கவசமின்றி ஓட்டலாகாது. பதினாறு வயதுக்குட்பட்ட பையன்களிடம் கொடுக்கலாகாது. அறுப்பு நாளில் "தம்பி ஒரு நடை போய் வரட்டும்" என்று அனுப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு; அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சிறு டிராக்டரும் கவிழாத வண்டியன்று. அதன் பின்புறமுள்ள இரும்பு வளைவும் இருக்கைப் பட்டையும் இணைந்தே உயிரைக் காக்கும். வாழை இலையும் தாரும் தட்டுகிறதென்று வளைவை மடக்கிவிட்டு, தோட்டத்தை விட்டு வெளியே வந்தபின்னும் நிமிர்த்தாமல் வாய்க்கால் கரையில் ஓட்டுவோர் பலர். கரை உள்வாங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

நாலு சக்கர இழுவை என்பதைப் பற்றியும் சில சொற்கள் அவசியம். நாலு சக்கரம் இருப்பது வேறு, நாலு சக்கரமும் இழுப்பது வேறு. கடற்கரை உல்லாச இடங்களில் வாடகைக்கு ஓடும் மலிவான வண்டிகளில் பெரும்பாலும் பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். அவற்றைப் பண்ணைக்கென்று நம்பி வாங்குவது வீண். முன் சக்கர இழுவையின் அருமை கொள்ளிடப் படுகையின் பொருக்கு மணலிலும், மழை விட்ட மறுநாள் களிமண் பாதையிலும் தெரியும். தார் ரஸ்தாவில் அதைப் போட்டு ஓட்டினால் டயர் தேய்வதோடு பல்சக்கரங்களும் நெரியும். அங்கே எடுத்துவிட வேண்டும். முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு அளவாயினும் ஒன்றுக்கொன்று கணக்காகவே அமைக்கப்பட்டவை. ஆதலால் டயர் மாற்றும்போது மலிவுக்காக அளவு மாற்றிப் போடக்கூடாது. சேறடித்த பருவம் முடிந்ததும் முன் அச்சின் எண்ணெயைத் திறந்து பாருங்கள். அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டதென்று பொருள். எண்ணெயையும் அடைப்பு வளையத்தையும் உடனே மாற்ற வேண்டும். கவனியாது விட்டால் அடுத்த பருவத்தில் அச்சையே மாற்ற நேரும்.

சக்தி அதிகமென்று 45 குதிரைச் சக்தி டிராக்டரை வாங்கிச் சிறு தோட்டத்தில் விடுவதும் தவறே. அதன் எடை சுமார் இரண்டு டன் இருக்கும். வரப்பும் மதகும் அதைத் தாங்கா. ஒரு டன்னுக்குட்பட்டு, நாலடிக்குள் அகலமுள்ளதே நமக்கு வேண்டியது. வாங்குமுன் மத்தியப் பிரதேசத்துப் புத்னியிலுள்ள மத்திய சர்க்கார் நிலையத்தின் பரீக்ஷை அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் சொன்ன சக்திக்கும் சுழல் தண்டில் உண்மையாய்க் கிடைக்கும் சக்திக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரியும். மழைக்குப் பின் யந்திரத்தை உங்கள் பாதைக்கே கொண்டுவந்து, சுமையோடு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று ஏக்கர்க்காரர் தனியாக வாங்குவதினும், நாலு பேர் கூடி வாங்குவதோ, வேளாண்மைப் பொறியியல் துறையிடம் வாடகைக்கு எடுப்பதோ மேல். மானியம் உண்டா, எந்த யந்திரத்துக்கு உண்டு என்பதைத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

ரஸ்தாவில் ஏறும் எந்த வண்டிக்கும் பதிவும் காப்புறுதியும் வேண்டும். பதிவுக்கு இடமில்லாத குவாட் வண்டியைத் தோட்டத்துக்குள் ஓட்டலாமே தவிர, இரு தோட்டங்களுக்கிடையே கால் மைல் ரஸ்தா குறுக்கிட்டாலும் அது சட்ட விரோதமே. டிராக்டர் வகையாகப் பதிவு செய்யத்தக்கதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுக.

இனிப் பாதையைப் பற்றி. இதைக் கிராம நிர்வாக அலுவலர்களும் கவனிக்குமாறு வேண்டுகிறோம். தீவிலும் தென்கரையிலும் எத்தனையோ வண்டிப்பாதைகள் புலப்படத்தில் அகலமாய் இருக்கின்றன. நேரில் போனால் இரு பக்கத்து வேலியும் நெருக்கி, ஐந்தடிக்கு வந்து நிற்கின்றன. வண்டிகள் ஓடாத காலத்தில் ஆண்டுக்கு ஒரு சாண் என்று வேலி நகர்ந்ததன் விளைவு இது. புறம்போக்குப் பாதையானால் அளந்து மீட்க வழியுண்டு. பட்டா நிலத்தின் வழியே வழக்கத்தால் போய்வரும் பாதைகளின் சங்கதிதான் சிக்கலானது. 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டப்படி, இருபது ஆண்டு தடையின்றி, பகிரங்கமாக, உரிமையோடு அனுபவித்த வழிக்குப் பாத்தியம் உண்டு. ஆனால் ஒருவகை வழியின் உரிமையில் மற்றொருவகை அடங்காது என்று அதே சட்டம் 28-ஆம் பிரிவில் சொல்கிறது. நடந்து தலைச்சுமை கொண்டுபோன உரிமையைக் காட்டி டிராக்டர் ஓட்ட முடியாது. ஐந்தாறு லக்ஷம் கொடுத்து வண்டி வாங்கிய பின், பக்கத்து நிலக்காரர் வரப்பில் கல்லை நட்டு மறித்தால், வாங்கியவர் கோர்ட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். மாட்டு வண்டி போய்வந்த தடமானால் அவர் நிலை பெரிதும் பலமுள்ளது. ஆனால் அதை நேரில் கண்டு சாட்சி சொல்லக்கூடிய முதியவர்கள் குறைந்துகொண்டே வருகின்றனர்.

ஆகையால் பாதையைப் பயன்படுத்தும் குடியானவர் அனைவரும் சேர்ந்து, அதன் அகலத்தையும், எவ்வகை வண்டி போகலாமென்பதையும், வாய்க்கால் கடக்கும் இடத்தில் பாலம் யார் செலவென்பதையும் எழுதிப் பதிவு செய்துகொள்வது நல்லது. நிலம் விடுபவருக்கு ஈடாக ஏதேனும் கொடுப்பதில் கூச்சம் வேண்டாம். எட்டடி அகலமிருந்தால் சிறு டிராக்டரும் தொட்டியும் தாராளமாய்ப் போகும். வளைவுகளில் மட்டும் பத்தடி வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் புலப்படத்தோடு ஒரு காலை நேரம் கூட நடந்தாலே பாதி வழக்குகள் பேச்சில் தீர்ந்துபோகும். நில அளவரைக் கொண்டு அளக்க வேண்டிய இடங்களுக்கு மனுக் கொடுக்க மாசி, பங்குனியே தகுந்த காலம். மேட்டூர் அணை வழக்கம்போல் ஜூன் 12-ல் திறந்துவிட்டால், வாய்க்காலில் தண்ணீர் வந்து கரையோரத்து எல்லைக் கற்கள் மறைந்துவிடும்.