கிராம சபை நாளில் நாம் எங்கே?

தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையில் பழங்குடி மக்கள் சாலையும் பேருந்தும் கேட்டுக் கேட்டே பல பத்தாண்டுகளைக் கழித்தனர். பேருந்து மலையேறியது, நாடு விடுதலை பெற்று எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரே. ஊராட்சி அலுவலில் நமக்கென்ன வேலை என்று கேட்கும் நம் சமுதாயத்தார் அம்மலையை ஒருமுறை அண்ணாந்து பார்க்கட்டும்.

அம்மாவட்டத்து ஊராட்சிகளில் 2019 இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. தலைவரும் உறுப்பினரும் இல்லாதபோது மக்கள் நேரில் பேச எஞ்சுவது கிராம சபைதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். வாக்காளர் எவரும் வரலாம். வரவு செலவைக் கேட்கலாம். நாமோ விடுமுறை என்று வீட்டிலிருக்கிறோம், அல்லது வலீமா விருந்தில்! பிறகு கபர்ஸ்தான் பாதையில் சாக்கடை தேங்குகிறதென்று ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முன் குமுறுகிறோம். தீர்மானப் பதிவேட்டில் அந்தக் குமுறல் ஏறாது.

“முத்தவல்லி பார்த்துக்கொள்வார்” என்பது மற்றொரு சாக்கு. உஹதுப் போருக்கு முன், மதீனாவுக்குள்ளிருந்தே எதிர்கொள்ளலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் எண்ணம்; ஆயினும் தோழர்களிடம் மஷூரா செய்து, அவர்கள் விருப்பப்படியே வெளியே புறப்பட்டார்கள். வஹீ வந்துகொண்டிருந்தவர்களே கேட்டார்கள். நம் முத்தவல்லிகள் கேட்பதுண்டா? பெண்களிடம் கேட்பது அதனினும் அரிது. உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கென்று 2016இலேயே சட்டமாகிவிட்ட மாநிலம் இது. குழாயடியில் குடத்தோடு நிற்பவர் மனைவி. சபைக்குச் செல்பவர் கணவர், அதுவும் சென்றால்.