விசையும் துடுப்பும்

பொழிச்சலூரினின்று நண்பர் சிலருடன் சாலை வழியே தெற்கு நோக்கிப் புறப்பட்ட யாம், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட பிச்சாவரம் உப்பங்கழியை அடைந்தோம். விசைப்படகேறி விரைந்து செல்லுதலே எம் நோக்கம். அகன்ற கால்வாயில் பொறி முழங்க, நீர் இருபுறமும் பிளந்தது. பறவைகள் அஞ்சி எழுந்தன. எமக்கோ அது வெற்றியெனத் தோன்றிற்று.

ஆயின் குறுகிய ஓடைகளில் துடுப்புப்படகே செல்லும். அதில் அமர்ந்த பின்னரே, சுரபுன்னையின் ஊன்றுவேர்கள் சேற்றைப் பற்றி நிற்றலையும், அவற்றினிடையே மீன்குஞ்சுகள் ஒதுங்குதலையும் கண்டோம். சிதம்பரத்திற்குத் தன் பெயரீந்த தில்லைமரமும் இச்சதுப்பினதே. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தகாலை, இக்காடு தன் பின்னிருந்த சிற்றூர்களுக்கு அரணாயிற்றென ஆராய்ச்சியாளர் உரைப்பர். இவ்வரணின் அடிமண்ணை எம் படகெழுப்பிய அலையும் அரிக்குமன்றோ? படகோட்டி பொறியை நிறுத்தியபோதெல்லாம் யாம் முணுமுணுத்தமைக்கு நாணினோம்.

விசைப்படகே வேண்டாவென்பது எம் கருத்தன்று. 2015 டிசம்பரில் அடையாறு கரைகடந்தபோது, சென்னையின் தெருக்களிற் படகுகள் வந்து மக்களை மீட்டமையை மறந்தவர் யார்? உயிர்காக்கும் விரைவு வேறு. களிப்பிற்கென நீரைக் கலக்கும் விரைவு வேறு. அறியாத நீரிற் புகுவோர்க்கு அந்நீரை அறிந்தவன் சொல்லே முதற்றுணை யென்பது எம் துணிபு.

மாணவ நண்பர்காள்! தொலைவிலுள்ள நீரைத் தேடிச் செல்லும் நாம், நம் ஊரருகே ஓடும் அடையாற்றின் வழியையும் வரம்பையும் அறிவோமா? அறியாமையின் விலையை 2015இல் கொடுத்தோம். இனியேனும் அவ்வாற்றின் கரையிற் சிறிது நடந்து பார்த்தல் நம் கடனாகும்.