கடைசியாக எதை மாற்றினீர்கள்?



காலையில் ஒழுங்காக ஓடும் மேசைக் கணிப்பொறி, ளுஹர் நேரம் கடந்ததும் திடீரென அணைந்துவிடுகிறது. ஒரு நாள் நீலத்திரை தோன்றி நின்றுவிடுகிறது. மறுநாள், நேற்றுவரை திறந்த கோப்பு இன்று திறக்க மறுக்கிறது. இத்தகைய தொல்லை ஒரு கோடையில் எங்கள் இல்லத்திற்கும் வந்து சேர்ந்தது. மாணவர்களின் தேர்வு மதிப்பெண் பட்டியலை அக்கணிப்பொறியில்தான் நான் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். கெட்டுப்போனது அந்தக் கோப்புதான்.

முதலில் வைரஸ் என்று எண்ணினோம். பிறகு விண்டோஸை முழுவதுமாக அழித்து மீண்டும் பதித்தோம். அதன்பின் கடைக்காரர் ஒருவர் சொற்படி, மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்றினோம். இருபது நாள்களும் கணிசமான பணமும் போயின. குறை மட்டும் போகவில்லை. இறுதியாக வந்த அனுபவமிக்க மெக்கானிக் ஒருவர், திருப்புளியைக் கையில் எடுக்காமல் நாற்காலியில் அமர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கடைசியாக இதில் எதை மாற்றினீர்கள்?"

ஒன்றையும் மாற்றவில்லை என்றேன். கதவோரம் நின்றிருந்த, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் தலையைத் தாழ்த்திக்கொண்டான். "அத்தா, நான்தான் வேகத்தைக் கூட்டி வைத்தேன். சொன்னால் ஏசுவீர்கள் என்று பயந்துவிட்டேன்" என்றான்.

இருபது நாள் அலைச்சலுக்கு விடை அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அதை இருபது நாள் அடைத்து வைத்திருந்தது எது என்பதைக் கட்டுரையின் இறுதியில் பேசுவோம். முதலில் பிள்ளைகள் செய்யும் இந்த 'ஓவர்கிளாக்கிங்' என்னவென்று பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது.

வேகம் கூட்டுதல் என்றால் என்ன?

கணிப்பொறியின் மூளையாகிய பிராஸஸர் ஒரு தாளத்திற்கு இயங்குகிறது. அத்தாளத்தை மதர்போர்டு தருகிறது. பெரும்பாலான இக்காலக் கணிப்பொறிகளில் அடிப்படைத் தாளம் 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்குப் பத்துக் கோடித் துடிப்புகள். பிராஸஸர் அதை ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. அவ்வெண் 36 எனில் வேகம் 3600 மெகாஹெர்ட்ஸ் ஆகும். பெருக்கும் எண்ணையோ அடிப்படைத் தாளத்தையோ உயர்த்தி, தயாரித்த நிறுவனம் உறுதியளித்த அளவுக்கு மேல் ஓட்டுவதே ஓவர்கிளாக்கிங்.

நிறுவனம் குறைத்துச் சொன்னால்தானே கூட்ட முடியும் எனக் கேட்கலாம். ஒரே தகட்டிலிருந்து வெட்டி எடுக்கப்படும் சில்லுகளும் ஒன்றுபோல் அமைவதில்லை. சில திடமானவை, சில மெலிந்தவை. எல்லாச் சில்லுகளும் வெப்பமான அறையிலும், பல ஆண்டுகள் உழைத்த பின்னும், பிழையின்றி இயங்க வேண்டுமென்று ஓர் இடைவெளி விட்டே வேகம் குறிக்கப்படுகிறது. பாலத்தின் முகப்பில் எழுதப்படும் எடை வரம்பைப் போன்றது இது. அதைத் தாண்டிய லாரியும் சில நாள் கடந்துவிடக்கூடும். ஆனால் பொறுப்பு ஓட்டுநரைச் சார்ந்தது.

இப்பழக்கம் புதியதன்று. ஐபிஎம் நிறுவனம் 1981இல் வெளியிட்ட தனிநபர் கணிப்பொறியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். பின்னர் வந்தவற்றில் தாளம் தரும் படிகத்தையே கழற்றி மாற்றி வேகம் கூட்டியோர் உண்டு. 1998இல் இன்டெல் வெளியிட்ட விலை மலிவான செலரான் 300ஏ இத்துறையில் பெயர் பெற்றது. 66 மெகாஹெர்ட்ஸ் தாளத்தை நாலரையால் பெருக்கி 300இல் ஓடிய அது, தாளத்தை 100 ஆக்கியதும் பலருக்கு 450இல் ஓடியது. அதே தொண்ணூறுகளில் குறைந்த வேகச் சில்லின் மேல் கூடிய வேகத்தைப் பொறித்து விற்ற மோசடியும் நடந்தது. பெருக்கும் எண்ணை நிறுவனங்கள் பூட்டி வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்று இன்டெல்லில் 'கே' என்ற எழுத்துடன் முடியும் வகைகளிலும், ஏஎம்டியின் ரைசன் வகைகளுள் பெரும்பாலானவற்றிலும், ஏற்ற மதர்போர்டு இருந்தால் அப்பூட்டு இல்லை. நினைவகத்திற்கு 'எக்ஸ்எம்பி' என்ற அமைப்பும் உண்டு. ஒரு பொத்தானில் வேகத்தை உயர்த்தும் அதுவும் ஓவர்கிளாக்கிங்கே என்பதைப் பலர் உணர்வதில்லை.

வெயிலும் மின்சாரமும்

வேகம் கூடினால் மின்னழுத்தமும் சற்றுக் கூட்டப்பட வேண்டியிருக்கும். தொல்லை அங்கிருந்தே தொடங்குகிறது. சில்லில் எழும் வெப்பம் வேகத்தின் அளவிலும், மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்திலும் உயர்கிறது. வேகத்தைப் பத்துச் சதவீதமும் மின்னழுத்தத்தைப் பத்துச் சதவீதமும் கூட்டினால், வெப்பம் ஏறக்குறைய முப்பத்து மூன்று சதவீதம் கூடிவிடும். பெற்ற பயன் பத்து, கொடுத்த விலை முப்பத்து மூன்று!

மதுரையில் கத்திரி வெயில் நாற்பது டிகிரியைத் தொடுவதை நாம் அறிவோம். விசிறி வைத்த ஹீட்சிங்க், அறையின் காற்றைவிடச் சில்லைக் குளிர்விக்க இயலாது. இருபத்தைந்து டிகிரி அறையில் எழுபத்தைந்தில் நிற்கும் பிராஸஸர், முப்பத்தெட்டு டிகிரி அறையில் அதே வேலைக்கு ஏறத்தாழ எண்பத்தெட்டை எட்டிவிடும். தொண்ணூறுக்கும் நூறுக்கும் இடையில் பெரும்பாலான பிராஸஸர்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேலும் சூடேறினால் அணைந்துவிடும். ஆகவே மார்கழியில் தேர்ச்சி பெற்ற கணிப்பொறி சித்திரையில் தோற்பது வியப்பன்று. மொட்டைமாடி அறையில் பிற்பகல் மூன்று மணிக்குச் செய்யும் சோதனையே நம் ஊருக்குரிய சோதனை.

சுற்றுப்புறக் கிராமங்களில் அறுவடைக் காலத் தூசும், கல் அறுக்கும் பகுதிகளின் பொடியும் ஹீட்சிங்கின் தகடுகளிடையே படிந்து கம்பளிபோல் மூடிக்கொள்ளும். பம்புசெட்டுகள் ஒருசேர ஓடும் நேரத்தில் 230 வோல்ட் என்பது பெயரளவில்தான் இருக்கும். வேகம் கூட்டிய கணிப்பொறி கூடுதல் மின்சாரம் கேட்கும். பழைய, சிறிய யுபிஎஸ் அதைத் தாங்காமல் கூவி அணைந்தால், குற்றம் பிராஸஸரைச் சாராது.

அறிகுறியும் நிவாரணமும்

எந்தக் குறையாயினும் முதலில் முக்கியமான கோப்புகளைப் பென்டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, பயாஸ் எனப்படும் அடிப்படை அமைப்புத் திரைக்குச் சென்று எல்லாவற்றையும் நிறுவனம் வைத்த பழைய நிலைக்குத் திருப்புங்கள். அதன்பின்னும் குறை நீடித்தால் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் உள்ளது. குறை நீங்கினால், வேகம் கூட்டியதே காரணம். இந்த ஒரு படி பாதி வழக்கைத் தீர்த்துவிடும்.

இங்கே எங்கள் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பயாஸில் செய்த மாற்றம் மதர்போர்டில் தங்குகிறது, ஹார்டு டிஸ்க்கில் அன்று. விண்டோஸைப் பத்து முறை பதித்தாலும் அது மாறாது. நிலைகுலைந்த கணிப்பொறியில் விண்டோஸைப் பதிக்கும்போது புதிய கோப்புகளும் பிழையுடன் பதியக்கூடும். நாங்கள் நோயுடனே புதுச்சட்டை அணிவித்திருக்கிறோம்.

விசிறி சுழன்றும் திரை இருளாகவே இருந்தால், மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டிலுள்ள ரூபாய் நாணயம் போன்ற வட்ட மின்கலத்தைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் பொருத்துங்கள். பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். தேதியும் நேரமும் அழிந்திருக்கும். அவற்றைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

வேலை மிகும்போது திடீரென முற்றிலும் அணைந்தால் வெப்பத்தையும் மின்வழங்கலையும் ஐயுறுங்கள். பெட்டியைத் திறந்து தூசு நீக்குங்கள். விசிறி சுழல்கிறதா எனப் பாருங்கள். பிராஸஸருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையிலுள்ள பசை காய்ந்திருந்தால் துடைத்துப் புதிதாக இடுங்கள்.

நீலத்திரையோ உறைந்து நிற்பதோ நேர்ந்தால், கூட்டிய வேகத்திற்கு மின்னழுத்தம் போதவில்லை என்பது பொதுவான காரணம். இவ்விடத்தில் இளைஞர்கள் மின்னழுத்தத்தை மேலும் ஏற்றுகிறார்கள். வேண்டாம், வேகத்தை ஒரு படி இறக்குங்கள். மிகையான மின்னழுத்தம் சில்லை மெல்ல மெல்லத் தேய்க்கும், தேய்ந்தது மீளாது.

கணிப்பொறி முன்னைவிட மெதுவாக ஓடினால் குழம்ப வேண்டாம். சூடு தாங்காமல் பிராஸஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. வேகம் கூட்டப்போய் வேகம் இழந்த கதை அது!

கோப்புகள் கெடுவதே எல்லாவற்றிலும் கொடியது. அணைந்துபோகும் கணிப்பொறி தன் நோயைச் சொல்லிவிடுகிறது. நினைவகத்தில் பிழை செய்யும் கணிப்பொறியோ ஓடிக்கொண்டே பொய் எழுதுகிறது. 'மெம்டெஸ்ட்86' என்னும் சோதனை நிரலைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த அமைப்பு தேறவில்லை என்றே பொருள். பழைய வேகத்திலும் பிழை காட்டினால், நினைவகப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திக் குறையுள்ளதைக் கண்டுபிடிக்கலாம்.

மீண்டும் கூட்ட விரும்புவோர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளட்டும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வேண்டாம். தேதி, மாற்றம், வெப்பநிலை, முடிவு ஆகிய நான்கையும் எழுதட்டும். பிராஸஸரையும் நினைவகத்தையும் ஒரே நாளில் மாற்றினால், எது குற்றவாளி என்பதை எவராலும் சொல்ல இயலாது.

இத்தனைக்கும் பிறகு ஓர் எச்சரிக்கை. எல்லாக் குறையும் வேகம் கூட்டியவர் செய்ததும் அன்று. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிப் பிராஸஸர்கள் பல, எவரும் எதையும் கூட்டாத நிலையிலும் நிலைகுலைந்தன. பிராஸஸர் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கியதே காரணம் என்று 2024இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அத்திருத்தம் மேலும் கேடு வராமல் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்த சில்லைக் குணப்படுத்தாது. பாதிக்கப்பட்டவர்கள் சிலருக்கு விளையாட்டின்போது திரையில் வந்த செய்தி, வீடியோ நினைவகம் போதவில்லை என்பது! அதை நம்பிக் கிராஃபிக்ஸ் கார்டைக் குறை கூறியவர்கள் உண்டு. அறிகுறி ஒரு பக்கம் கைகாட்ட, நோய் மறுபக்கம் இருந்தது. அவ்வகைப் பிராஸஸர் வைத்திருப்போர் பயாஸைப் புதுப்பித்துக்கொள்வது அவசியம்.

இனி, எங்கள் இல்லத்துக்கு வருவோம். மெக்கானிக் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பினார். தூசு நீக்கிப் பசை மாற்றினார். நினைவகச் சோதனை இரவு முழுவதும் பிழையின்றி ஓடியது. மதிப்பெண் கோப்பு மட்டும் மீளவில்லை. கையால் எழுதிய பதிவேடு பள்ளியிலே இருந்ததால், மீண்டும் தட்டச்சு செய்து மாணவர்களின் அமானிதத்தைக் காப்பாற்றினேன். பதிவேடு இல்லாதிருந்தால் அப்பிள்ளைகளின் பெற்றோர்களிடம் என்ன பதில் சொல்லியிருப்பேன்? பிறர் கணக்கைச் சுமக்கும் கணிப்பொறியில் வேகச் சோதனை செய்வதில்லை என்று அன்று வீட்டில் ஒரு விதி செய்தோம்.

ஆனால் மகனை நான் ஏசவில்லை. அவன் செய்தது ஆர்வத்தின் பிழை. அதை அவன் மறைத்ததோ என் கோபத்தின் விளைவு. அவன் முதல் நாளே சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை இது. முன்பு ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்ததற்கு நான் போட்ட சத்தம் அவன் நினைவில் இருந்திருக்கிறது. அதனால் அவன் வாய் திறக்கவில்லை. அந்தச் சத்தத்தின் விலையை இருபது நாள் கழித்துச் செலுத்தினேன்.

எந்தப் பழுதுக்கும் முதற்கேள்வி "கடைசியாக எதை மாற்றினீர்கள்?" என்பதே. அக்கேள்விக்கு உண்மையான பதில், அஞ்சாமல் பேச முடிகிற வீட்டில்தான் கிடைக்கும். உங்கள் பிள்ளை ஒரு நாள் கதவோரம் நின்று "அத்தா, நான்தான்" என்று சொல்ல வரும்போது, அவன் அதைச் சொல்லி முடிக்க இடம் கொடுங்கள். இப்போது என் மகனின் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. செய்த மாற்றங்களையும் தோற்ற முயற்சிகளையும் அவன் அதில் எழுதி வைக்கிறான். மாலையில் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறான்.