வராத பிள்ளையையும் கணக்கில் எடுங்கள்

தமிழ்நாட்டில் மாலை வகுப்புகளைப் பற்றிப் பேச்செடுத்தால் ஓர் எண் கட்டாயம் வந்துவிடும்: 24 சதவீதம். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் இழந்த படிப்பில் எவ்வளவு மீண்டதோ, அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, இந்த மாலை வகுப்புகளை நடத்தும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் மீண்டது என்று அதற்குப் பொருள். அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளியல் அறிஞர்கள் தமிழகக் கிராமங்களில் ஆய்வு செய்து கண்ட முடிவு இது. மதிக்கத்தக்க ஆய்வு, ஐயமில்லை. ஆனால் திருச்செந்தூர்க் கடற்கரையில் உள்ள ஆலந்தலையில் ஏழாம் வகுப்பு படிக்கிற பையனுக்கு மாலை வகுப்பால் என்ன பயன் என்று கேட்டால், இந்த எண்ணிடம் பதில் இல்லை.

ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள, அந்த ஆய்வு எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரை அவர்கள் வீட்டுக்கே போய்ச் சோதித்தார்கள். அதே கிராமங்களில் 2019-ல் எடுத்த அளவுகள் அவர்கள் கையில் இருந்தன. அதனால் 2021 டிசம்பரில் ஒரு பிள்ளை, அதே வயதில் முன்பு இருந்த பிள்ளையைவிட எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று சொல்ல முடிந்தது. ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடானது. வீட்டுக்குப் போய்ச் சோதித்தார்கள் என்பதுதான் இதில் எனக்கு முக்கியம். அன்று பள்ளிக்கு வராத பிள்ளையும், மாலை வகுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காத பிள்ளையும் கணக்கில் இருந்தார்கள். அதே நேரத்தில், இவர்கள் சின்னப் பிள்ளைகள். காலமும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக் கிடந்த பள்ளிகள் திறந்த உடனேயான காலம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளைப் பற்றியோ, வழக்கமான ஓர் ஆண்டைப் பற்றியோ அது பேசவில்லை.

திட்டமோ எட்டாம் வகுப்பு வரைக்கும் சேர்த்துத்தான் தொடங்கியது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். தன்னார்வலருக்கு மாதம் ரூ.1,000. தொடக்க வகுப்புகளுக்குப் பிளஸ் 2 படித்தவர், ஆறு முதல் எட்டு வரை பட்டதாரி. ஒருவருக்கு 20 பிள்ளைகள் என்று வைத்தால், மதிப்பூதியக் கணக்கில் ஒரு பிள்ளைக்கு மாதம் 50 ரூபாய். ஊரில் ஒரு டியூஷனுக்குக் கட்டுகிற காசுக்குப் பக்கத்திலேயே இது வராது. இவ்வளவு சிக்கனமாக நடத்தக்கூடிய ஒன்றை, பெரிய பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்று பார்க்காமலே ‘வெற்றி’ என்பதும் தவறு, ‘வீண்செலவு’ என்பதும் தவறு.

பெரிய பிள்ளைகளின் சிக்கல் வேறு. அதைத் தெளிவாகக் காட்டியது டெல்லியில் நடந்த ஓர் ஆய்வு. பள்ளி முடிந்தபின் நடக்கும் ‘மைண்ட்ஸ்பார்க்’ மையங்களில், பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் 619 பிள்ளைகளில் யாருக்கு இடம் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். உள்ளே வரும்போதே, ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நாலரை வகுப்பாக விரிந்திருந்தது. அதாவது, ஆண்டுதோறும் பாடப்புத்தகம் முன்னே போகிறது, பிள்ளை கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்த மையங்களில் கணினி ஒவ்வொரு பிள்ளைக்கும் அது நிற்கிற இடத்திலிருந்து கணக்குக் கொடுத்தது, கூடவே சிறு குழுவாக ஓர் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார். நாலரை மாதத்தில், குலுக்கலில் இடம் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் முன்னேறினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் பள்ளியின் கணக்குத் தேர்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. ஏழாம் வகுப்பு வினாத்தாள் ஏழாம் வகுப்புப் பாடத்தைக் கேட்கிறது. நான்காம் வகுப்பு வகுத்தலை அந்த ஆண்டுதான் கற்றுக்கொண்ட பிள்ளையின் உழைப்பு அந்தத் தாளில் எங்கேயும் தெரியாது.

மாலை வகுப்பை எடைபோடுகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘ஒன்றும் ஏறவில்லையே’ என்று முடித்துவிடுகிறார்கள். அளக்க வேண்டியது வேறு. இரண்டாம் வகுப்புப் பத்தி ஒன்றைத் தடுமாறாமல் வாசிக்கிறதா? மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்கத்தால் வகுக்கிறதா? பின்னம் என்றால் என்ன என்று கையில் இருக்கிற கருப்பட்டியை உடைத்துக் காட்டுகிறதா? இவற்றை ஜூனில் ஒரு தடவை, மார்ச்சில் ஒரு தடவை, பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

தனியாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் வரும் என்பது அவனுடைய பெரிய ரகசியம். பள்ளியில் கடைசி பெஞ்சில் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறான். மாலை வகுப்பு நடப்பதோ பக்கத்து வீட்டுத் திண்ணையில், அல்லது தெருமுனையில். மூன்றாம் வகுப்புத் தங்கச்சியும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், பாட்டிமார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பாயில் உட்கார்ந்து ‘அம்மா, ஆடு’ வாசிக்க அவன் சம்மதிப்பான் என்று எந்த அதிகாரி நம்பினாலும் அவர் பன்னிரண்டு வயதை மறந்துவிட்டார் என்றுதான் பொருள். ‘ஏல, டியூஷனுக்குப் போகலியா?’ என்று அம்மா கேட்டால் வலையைக் காட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவான். அவன் பாடத்தின் நிலை இரண்டாம் வகுப்பாக இருக்கலாம், ஆனால் கதையும் சூழலும் அவன் வயதுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மீன் ஏலத்தின் கணக்கு, டீசல் விலை, கந்தசஷ்டிக்கு வரும் பேருந்துகளின் அறிவிப்புப் பலகை என்று எதை வேண்டுமானாலும் வாசிக்கக் கொடுக்கலாம். பெரிய பிள்ளைகளுக்குத் தனி நேரமும் தனி இடமும் கொடுத்த மையம், கொடுக்காத மையம் இரண்டுக்கும் வருகையில் என்ன வேறுபாடு என்பதை மதிப்பீடு கட்டாயம் பார்க்க வேண்டும். என் கணிப்பில், பாடத்திட்டத்தைவிட இதுவே அதிகம் தீர்மானிக்கும்.

அடுத்தது திருச்செந்தூரின் நாள்காட்டி. கல்வித் துறையின் நாள்காட்டியும் இந்தக் கரையின் நாள்காட்டியும் ஒத்துப்போவதே இல்லை. ஆவணித் திருவிழா, அதற்குப் பிறகு குலசேகரன்பட்டினம் தசரா, அடுத்து கந்தசஷ்டி, ஐப்பசி கார்த்திகை மழை, தைப்பூசப் பாதயாத்திரை, மாசித் திருவிழா என்று வரிசையாக வருகின்றன. குலசை முத்தாரம்மனுக்கு வேண்டிக்கொண்டு விரதமிருந்து வேடம் கட்டி, தெருத்தெருவாகக் காணிக்கை எடுக்கிறவர்களில் பிள்ளைகளும் உண்டு. அந்த நாட்களில் மாலை வகுப்பில் பாதிப் பாய் காலி. கோயில் வாசலில் பூ, தேங்காய், பழத்தட்டுக் கடை வைத்திருக்கிற குடும்பத்துக்குக் கூட்டம் கூடும் மாலைதான் வருமானம். கடையில் நிற்க ஓர் ஆள் வேண்டும், அது பெரும்பாலும் ஆறு ஏழாம் வகுப்புப் பிள்ளைதான். உடன்குடிப் பக்கம் பனைப் பருவம் தொடங்கிவிட்டால் அப்பா மாலையிலும் மரத்தில் இருப்பார். விடிலியில் பதநீர் காய்ச்சுகிற அம்மாவுக்கு ஓலையும் விறகும் பொறுக்கித் தரக் கை வேண்டும். காயல்பட்டினத்தில் பல பிள்ளைகளுக்கு மாலை என்பது மதரஸா நேரம். அமலிநகரில் கோயில் மணி அடித்தால் ஜெபமாலை. மாலை 5 முதல் 7 வரை என்று சென்னையில் குறிக்கப்பட்ட நேரம் இங்கே ஏற்கெனவே பல பேருக்குச் சொந்தமானது.

ஆகவே ‘வருகை 60 சதவீதம்’ என்ற ஒற்றை எண்ணை வைத்துத் தன்னார்வலர்மேல் பழி போடக் கூடாது. வாரவாரியாக வருகையைப் பார்த்தால் எந்த வாரத்தில் எதனால் குறைந்தது என்று ஊரே சொல்லிவிடும். அதைக் கொண்டு நேரத்தை மாற்றலாம். சில ஊர்களுக்குக் காலை 6 மணி பொருந்தும், சில ஊர்களுக்குச் சனி ஞாயிறு பொருந்தும்.

ஒப்பிட ஒரு குழு இல்லாமல் முன்னும் பின்னும் மட்டும் பார்ப்பதன் ஆபத்தை இந்த வட்டாரத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, திருச்செந்தூரில் 69 செ.மீ. வீடும் புத்தகமும் வெள்ளத்தில் போயின. அந்த ஆண்டு ஜூனில் ஒரு சோதனை, ஜனவரியில் ஒரு சோதனை வைத்திருந்தால் பிள்ளைகளின் மதிப்பெண் இறங்கித்தான் இருக்கும். ‘மாலை வகுப்பு தோற்றது’ என்று எழுதியிருப்பார்கள். அதே வெள்ளத்தில் நனைந்த, ஆனால் மாலை வகுப்புக்குப் போகாத பிள்ளைகளையும் சோதித்திருந்தால் அல்லவா வகுப்பு தாங்கிப் பிடித்ததா என்று தெரியும்? நல்ல ஆண்டுகளுக்கும் இதே நியாயம்தான். 2025 முதல் ஆறு முதல் ஒன்பது வரையுள்ள வகுப்புகளில் பின்தங்கியவர்களுக்குப் பள்ளி நேரத்திலேயே ‘திறன்’ பயிற்சி நடக்கிறது. பிள்ளை முன்னேறினால் அது பகல் பயிற்சியாலா, மாலை வகுப்பாலா? ஒப்பீடு இல்லாமல் இரண்டு தரப்பும் உரிமை கொண்டாடும்.

ஒப்பிடுவதிலும் ஒரு பள்ளம் உண்டு. தானாக வருகிற பிள்ளையையும் வராத பிள்ளையையும் நேருக்கு நேர் நிறுத்தினால், படிப்பில் அக்கறையுள்ள அம்மாவின் பிள்ளையை அப்படி இல்லாத வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டதாகிவிடும். உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் பிரதம் அமைப்பின் தன்னார்வலர்கள் நடத்திய வாசிப்பு முகாம்களை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ குழுவினர் ஆராய்ந்தார்கள். வந்த பிள்ளைகளிடம் முன்னேற்றம் வியக்கத்தக்கது. ஆனால் ஊரில் இருந்த பிள்ளைகளில் வந்தவர்கள் 100-க்கு 8 பேர்தான். முகாமுக்குள் நின்று பார்த்தவருக்கு அது மாபெரும் வெற்றி. ஊரின் நடுவில் நின்று பார்த்தவருக்கு 92 பிள்ளைகள் வெளியே. இரண்டு கண்ணாலும் பார்க்கிற மதிப்பீடுதான் நமக்கு வேண்டும்.

அமெரிக்க அனுபவம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும், அது எச்சரிக்கை என்பதால். அங்கே ஏழைப் பள்ளிகளின் மாலை மையங்களுக்கு மத்திய அரசு ஆண்டுக்கு சுமார் 100 கோடி டாலர் செலவிட்டது. மேத்தமேட்டிகா நிறுவனம் குலுக்கல் முறையில் தொடக்கப்பள்ளி மாணவர் சுமார் 2,300 பேரை ஆராய்ந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் பின் பாதுகாப்பாக உணர்ந்தார்கள், படிப்பில் முன்னேற்றம் தென்படவில்லை. முதல் ஆண்டு முடிவு 2003-ல் வந்த கையோடு, நிதியை 60 கோடி டாலராகக் குறைக்கப் புஷ் அரசு முன்மொழிந்தது. பெரும் எதிர்ப்பு எழுந்தது, நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின், இரண்டு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கு, வீட்டுப்பாடத்துக்கு உதவுவதை விட்டுவிட்டு ஒழுங்கான பாடத்திட்டத்தோடு மாலை வகுப்பு நடத்திப் பார்த்தார்கள். கணக்கில் பலன் கிடைத்தது, வாசிப்பில் கிடைக்கவில்லை. ஒரு மையம் என்ன சொல்லிக்கொடுக்கிறது என்பதைத் திறந்து பார்க்காமல் ‘மாலை வகுப்பு’ என்று மொத்தமாகத் தீர்ப்பெழுதியதுதான் முதல் தவறு. மதிப்பீடு கோடரியாக மாறிவிடும் என்ற பயம் இருந்தால் தன்னார்வலர்களும் தலைமை ஆசிரியர்களும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மாலைகளைக் கொடுக்கிற பெண்களிடம் நாம் கேட்க வேண்டியது கணக்கு, பலியாடு அல்ல.

திருச்செந்தூரில் இதைச் செய்வது கடினமல்ல. ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் பள்ளியின் எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் முறை) பதிவில் இருக்கிறது. அமலிநகர், ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், உடன்குடி, குலசேகரன்பட்டினம் ஆகிய இடங்களில் ஆறு முதல் எட்டு வரை படிக்கிற எல்லாப் பிள்ளைகளின் பட்டியலையும் அதிலிருந்து எடுக்கலாம். மையங்களைத் தொடங்க நிதி போதாதபோது, எந்தெந்தத் தெருவுக்கு முதல் ஆண்டு, எதற்கு இரண்டாம் ஆண்டு என்று ஊர்க் கமிட்டி, பள்ளி மேலாண்மைக் குழு முன்னிலையில் சீட்டுக் குலுக்கிப் போடலாம். யாருக்கும் மனத்தாங்கல் வராது, நேர்மையான ஒப்பீடும் தானே அமையும். சோதனையை அந்தந்த மையத்தின் தன்னார்வலர் எடுக்கக் கூடாது. ஆதித்தனார் கல்லூரி, கோவிந்தம்மாள் ஆதித்தனார் மகளிர் கல்லூரி மாணவர்கள் நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியே ஒரு வாரம் வீடு வீடாகப் போனால் முடியும். பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்ததா, இல்லை வள்ளத்துக்கோ கடைக்கோ போய்விட்டதா என்பதையும் அடுத்த ஜூனில் அதே வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வாசிப்பும் வகுத்தலும் ஓர் ஆண்டு கழித்தும் நிற்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிடலாம். மும்பையிலும் வதோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்காக 2001 முதல் 2003 வரை நடந்த ‘பால்சகி’ திட்டத்தின்போது தெரிந்த பெரிய முன்னேற்றம், திட்டம் நின்று ஓராண்டுக்குப் பின் கணிசமாகக் கரைந்திருந்தது.

முடிவுகளை ஊர்க்கூட்டத்தில் தெருவாரியாக வாசிக்க வேண்டும். பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், எத்தனை பிள்ளைகள் வகுப்புக்கு வரவில்லை, எந்த மாதத்தில் நின்றார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு வாசிக்க வரவில்லை என்ற மூன்று எண்கள் முதலில் வர வேண்டும். வந்தவர்களின் சராசரி அதற்குப் பிறகு வரட்டும். மையத்தின் நேரத்தையும் இடத்தையும் மாற்றும் அதிகாரத்தை அந்தக் கூட்டத்துக்கே கொடுக்க வேண்டும். மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அனுமதிக்காகத் தசரா முடியும்வரை காத்திருக்க வைக்கக் கூடாது.